பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மோட்டார்!

பெட்ரோல் என்றால் தீ. மின்சார மோட்டார் என்றால் பொறி. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும்?

"ஐயோ, வெடித்துவிடும்!" என்று சொல்வீர்கள்.

ஆனால், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பெட்ரோல் தொட்டிக்கு உள்ளேயே, பெட்ரோலில் முழுகியபடி, ஒரு சின்ன மோட்டார் ஓடிக்கொண்டு இருக்கிறது. தொட்டியில் இருந்து பெட்ரோலை எடுத்து எந்திரத்துக்குத் தள்ளும் பம்பு அது.

நாளைக் காலையில் கார் சாவியைப் போட்டதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பின் சீட்டுக்கு அடியில் இருந்து "ஙொய்" என்று ஒரு மெல்லிய ஓசை வரும். 2 விநாடி கேட்கும். பிறகு நின்றுவிடும். அதுதான் அந்த மோட்டார்.

தீப்பிடிக்காமல் இருப்பது எப்படி? இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெட்ரோல் எரிய வேண்டுமானால் அதோடு காற்று சேர வேண்டும். அதுவும் சரியான அளவில் சேர வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி 100-க்கு ஒன்றரைப் பங்கில் இருந்து ஏழரைப் பங்கு வரை கலந்து இருந்தால்தான் தீப்பற்றும். மூடிய தொட்டிக்குள் ஆவி அதைவிட மிக அதிகம். காற்று குறைவு. ஆகவே பொறி பறந்தாலும் தீ பிடிப்பது இல்லை. தொட்டியில் ஓட்டை விழுந்து ஆவி வெளியே வந்தால் மட்டும் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. மோட்டாரைச் சுடாமல் காப்பாற்றுவதும் அந்தப் பெட்ரோல்தான்! தொட்டியில் பெட்ரோல் இருக்கும் வரையில் மோட்டாருக்குக் குளிர்ச்சி. வற்றிப் போனால் சூடு.

இந்த இடத்தில் விழுப்புரம், வளவனூர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு. ஆகவே, "மதகடிப்பட்டு வரட்டும், போட்டுக்கொள்ளலாம்" என்று முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் வண்டியை ஓட்டுகிறவர்கள் உண்டு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் ஆகிறது. உண்மைதான். ஆனால் தினசரி இப்படியே செய்தால் பம்பு சீக்கிரம் தேய்ந்து போகும். புதுப் பம்பின் விலை அந்த மிச்சத்தை எல்லாம் ஒரே நாளில் விழுங்கிவிடும்.

ஈரத் துணி வைத்தியம்

அந்தக் காலத்தில் பம்பு தொட்டிக்குள் இல்லை. எந்திரத்தின் பக்கத்தில் இருந்தது.

பழைய பியட் காரை நினைத்துப் பாருங்கள். எந்திரம் சுற்றும்போது உள்ளே இருக்கும் ஒரு தண்டு, பம்பின் நெம்புகோலை மேலும் கீழும் ஆட்டும். பம்புக்குள் ரப்பர் போட்ட ஒரு சவ்வு இருக்கும். அது கீழே போகும்போது பின்னால் உள்ள தொட்டியில் இருந்து பெட்ரோலை உறிஞ்சும். மேலே வரும்போது கார்புரேட்டருக்குத் தள்ளும்.

கோடைக்காலத்தில் இந்தப் பம்பு மானத்தை வாங்கிவிடும். வெளியே சித்திரை வெயில். பக்கத்தில் கொதிக்கும் எந்திரம். குழாய்க்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் உறிஞ்ச முடியாது. வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும். டிரைவர் இறங்குவார். பானட்டைத் திறப்பார். கந்தல் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின் மேல் சுற்றுவார். கால் மணி நேரம் புளிய மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து இருப்பார்கள். பிறகு வண்டி கிளம்பும். 40, 50 வயதைத் தாண்டிய வாசகர்கள் இந்த ஈரத் துணி வைத்தியத்தை நேரிலேயே பார்த்து இருப்பார்கள்.

பம்பைத் தொட்டிக்குள் கொண்டுபோய் வைத்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. உறிஞ்சினால் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். பின்னால் இருந்து தள்ளினால் ஆவியாவது கடினம். அதோடு, கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலைப் பீச்சி அடிக்கும் முறை வந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடு வந்தபோது புதுக் கார்கள் எல்லாம் இதற்கு மாறின. பீச்சி அடிக்க நல்ல அழுத்தம் வேண்டும். கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 3, 4 பவுண்டு அழுத்தம் போதும். பீச்சும் முறைக்குச் சுமார் 43 பவுண்டு வேண்டும். கார் டயரில் அடிக்கும் காற்றே 30 பவுண்டுக்குச் சற்று மேலேதான். அதைவிட அதிகமான அழுத்தத்தில் பெட்ரோல் குழாயில் ஓடுகிறது!

குதிரை எவ்வளவு குடிக்கும்?

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

காரின் சக்தியைக் கூட்டிப் பந்தயக் கார்போல் ஆக்கிக்கொள்வதில் இன்றைய வாலிபர்கள் பலருக்கு ஆசை. எந்திரத்தில் கை வைப்பார்கள். டர்போ பூட்டுவார்கள். அப்படிப்பட்ட காருக்குப் பெரிய பெட்ரோல் பம்பு வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் எவ்வளவு பெரியது? லட்சக்கணக்கில் செலவு செய்த எந்திரம் பிழைப்பதும் உருகிப் போவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம்.

எந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்குச் சுமார் 300 மில்லி பெட்ரோல் செலவாகும். அதாவது 80 எச்.பி. கார் ஒன்று, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி ஒரு மணி நேரம் ஓடினால் 24 லிட்டர் குடிக்கும்.

அந்த எந்திரத்தில் டர்போ பூட்டி 160 எச்.பி. ஆக்கினால்? 48 லிட்டர் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. டர்போ எந்திரம் உஷ்ணம் மிகுந்தது. அதைக் குளிர வைக்கவும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஆகவே சுமார் 60 லிட்டர் ஆகும்!

உலகப் புகழ் பெற்ற பார்முலா 1 பந்தயத்தில் 2014 முதல் 2025 வரை ஒரு விதி இருந்தது. மணிக்கு 100 கிலோ என்ற கணக்குக்கு மேல் பெட்ரோல் பாயக் கூடாது. மீறினால் தண்டனை. பெட்ரோல் பாயும் அளவை அளந்தே சக்திக்குக் கடிவாளம் போட்டார்கள்.

டர்போ என்பது என்ன? புகைக் குழாயில் வேகமாக வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சில் இன்னொரு சக்கரம். அது வெளிக் காற்றை அமுக்கி எந்திரத்துக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் போக வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்கிட்டால், சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று! காற்றைத் திணிப்பதற்கு டர்போ வந்துவிட்டது. பெட்ரோலைத் திணிக்க யார் இருக்கிறார்கள்? பழைய பம்புதான்.

கழனி சொல்லும் பாடம்

வளவனூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அவர்களுக்கு மோட்டார் கொட்டகை தெரியும்.

ஒரு ஏக்கருக்கு என்று போட்ட மோட்டாரை வைத்துக்கொண்டு 3 ஏக்கரில் நெல் நட்டால் என்ன ஆகும்? முதல் மடையில் தண்ணீர் ஓடும். கடைசி மடை காயும். கரும்பாக இருந்தாலும் கதை அதுதான்.

அதே மோட்டார், கிணற்றில் தண்ணீர் மேலே இருக்கும்போது நிறையக் கொட்டும். தண்ணீர் கீழே இறங்க இறங்க, தூக்கவேண்டிய உயரம் கூடும். கொட்டுவது குறையும். காரின் பம்பும் அப்படித்தான். எதிர்ப்பு அழுத்தம் கூடக் கூட, அது தள்ளும் பெட்ரோல் குறைந்துகொண்டே போகும். டர்போ சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காற்றழுத்தம் கொடுத்தால், அதை எதிர்த்துப் பீச்சுவதற்குப் பெட்ரோல் அழுத்தமும் 43-ல் இருந்து 58 ஆக உயர வேண்டும். எப்போது அதிகப் பெட்ரோல் தேவையோ, அப்போது பார்த்துப் பம்புக்கு மூச்சு வாங்குகிறது!

மின்சாரம் மட்டமாக வந்தால்? கழனி மோட்டார் முனகும். தண்ணீர் சன்னமாக வரும். காரிலும் இதே கதை. பேட்டரியில் இருந்து பின் சீட்டு வரை போகும் கம்பி மெல்லியதாக இருந்தால், வழியிலேயே மின்சாரம் இளைத்துவிடும். பதின்மூன்றரை வோல்ட் வரவேண்டிய இடத்துக்கு 11 வோல்ட் வரும். நல்ல பம்பும் நோஞ்சான் ஆகிவிடும்.

உருகும் பிஸ்டன்

பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அண்ணே, டர்போ போட்டாச்சு. வண்டி பறக்குது. ஆனா, 5 ஆயிரம் சுத்துக்கு மேலே போனா இழுவை நின்னு போகுது."

"பம்பு மாத்தினியா, தம்பி?"

"பம்பு எதுக்கு அண்ணே? அது நல்லாத்தானே ஓடுது!"

"ஓடுது. ஆனா பத்தலை. வண்டியை மெதுவா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ. புதுப் பம்பு மாட்டுற வரைக்கும் மிதிக்காதே."

பெரியவரின் எச்சரிக்கையில் காரணம் இருக்கிறது. டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது சிறிய பம்பே போதும். ஒரு குறையும் தெரியாது. நாற்கரச் சாலையில் முழு வேகத்தில் மிதிக்கும்போதுதான் பெட்ரோல் பற்றாக்குறை வரும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அந்த நேரத்தில் எந்திரத்துக்குள் உஷ்ணம் கடுமையாக ஏறும். கலவை தன் முறை வருவதற்கு முன்பே தானாக வெடிக்கத் தொடங்கும். "டொக், டொக்" என்று சுத்தியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அது உருகி ஓட்டை விழச் சில விநாடிகள் போதும்.

மற்ற பழுதுகள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். இது வண்டி நன்றாகப் பறக்கிறது என்று மகிழ்ந்துகொண்டு இருக்கும்போதே வரும்.

ஆனால் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோருக்கும் பெரிய பம்பு தேவை இல்லை. தொழிற்சாலைக்காரர்கள் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பம்பு பொருத்தி இருப்பார்கள். காற்று வடிகட்டியை மாற்றி, சத்தம் போடும் சைலன்சரையும் மாட்டிவிட்டு, "எனக்கும் பந்தயப் பம்பு வேண்டும்" என்று கேட்கிற தம்பிகள் உண்டு. அது வீண் செலவு. சைலன்சர் சத்தம் பெட்ரோல் குடிக்காது.

பம்பு மாற்றுவது எப்படி?

கடையில் பம்பு வாங்கும்போது, "மணிக்கு 255 லிட்டர்" என்பதுபோல் பெட்டியில் எழுதி இருக்கும். சக்தி கூட்டிய கார்களுக்கு மிகவும் பழக்கமான அளவு இது. 60 லிட்டர் தேவைக்கு 255 எதற்கு என்று கேட்கலாம். அந்த அளவு எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் என்று பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால், வோல்ட் இறங்கினால், 255 சரசரவென்று குறையும். தேவைக்கு மேல் கால் பங்காவது கையிருப்பு இருக்க வேண்டும் என்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம். 60 லிட்டர் குடிக்கும் எந்திரத்துக்கு, அதன் உச்ச அழுத்தத்திலும் 75 லிட்டர் தரும் பம்பு இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் வாங்குவது அடுத்த வருஷத்து ஆசைக்கு.

வேலை பின் சீட்டைத் தூக்குவதில் தொடங்கும். சீட்டுக்கு அடியில் ஒரு மூடி. அதைத் திறந்தால் தொட்டியின் வாய். அதற்கு முன் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். குழாயில் அடைபட்டு இருக்கும் அழுத்தத்தையும் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் முகத்தில் பீச்சி அடிக்கும்.

பம்பின் அடியில் காலுறைபோல் ஒரு வடிகட்டி இருக்கும். புதுப் பம்புக்குப் புது வடிகட்டிதான் போட வேண்டும். உள்ளே ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருக்கும். பெட்ரோல்தானே ஓடுகிறது என்று கடையில் கிடைத்த குழாயை மாட்டக் கூடாது. சாதாரணக் குழாய் உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். இந்தக் குழாயோ வெளியேயும் பெட்ரோலில் ஊறிக் கிடக்கும். தொட்டிக்குள் போடுவதற்கு என்றே தனிக் குழாய் இருக்கிறது. விலை அதிகம். அதைக் கொடுக்கத்தான் வேண்டும். மலிவுக் குழாய் சில மாதத்தில் உப்பிக் கழன்றுவிடும். பம்பு ஓடும், பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே சுற்றும், வண்டி நிற்கும்.

பம்பு பெருத்தால் மட்டும் போதாது. அது வீட்டுக்கு வரும் பெரிய குழாய் என்றால், எந்திரத்தில் பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்டர்கள் திருகு குழாய்கள் போன்றவை. அவையும் பெரிதாக வேண்டும். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கட்டளை இடும் கம்ப்யூட்டருக்கும் புதுக் கணக்கைச் சொல்லித் தர வேண்டும்.

நேர்க் கம்பி ஆபத்து

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது.

பெரிய பம்புக்கு அதிக மின்சாரம் வேண்டும். பழைய கம்பி தாங்காது. சிலர் என்ன செய்கிறார்கள்? பேட்டரியில் இருந்து பம்புக்கு நேராக ஒரு கம்பி இழுத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு சுவிட்சு. அவ்வளவுதான். செலவு குறைவு, வண்டியும் நன்றாக ஓடும்.

தொழிற்சாலை போட்ட ஏற்பாட்டில் ஒரு காவல் உண்டு. எந்திரம் நின்றால் கம்ப்யூட்டர் உடனே பம்பை நிறுத்திவிடும். சாவி போட்டதும் 2 விநாடி மட்டும் சத்தம் கேட்பது அதனால்தான். கார் மோதினால், எந்திரம் நிற்கும், பம்பும் நிற்கும். பெட்ரோல் குழாய் அறுந்து இருந்தாலும் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்காது.

நேர்க் கம்பி போட்ட காரில் இந்தக் காவல் இல்லை. கார் மோதி நொறுங்கிக் கிடக்கும். உள்ளே ஆட்கள் சிக்கி இருப்பார்கள். பின்னால் பம்பு மட்டும் ஓடிக்கொண்டு இருக்கும். அறுந்த குழாய் வழியே, கொதிக்கும் புகைக் குழாயின் மேல், 43 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைப் பீச்சும்.

சரியான முறையும் கடினமானது அல்ல. பேட்டரியில் இருந்து தடித்த கம்பி, அதில் ஒரு பியூஸ், நடுவில் ஒரு ரிலே. அந்த ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையைப் பழைய மெல்லிய கம்பிக்குக் கொடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் "நில்" என்றால் ரிலே நிற்கும். ரிலே நின்றால் பம்பு நிற்கும். கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

உங்கள் மகனோ தம்பியோ காரில் பம்பு மாற்றி இருந்தால், ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். சாவியைப் போடுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்புச் சத்தம் 2, 3 விநாடியில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே பட்டறைக்கு அனுப்புங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். தொட்டிக்குள் எரியாத ஆவி, வெளியே வந்து காற்றோடு கலந்தால் எரியும்.

அதிகமும் ஆகாது

பெரிய பம்பு நல்லது என்றால், மிகப் பெரிய பம்பு இன்னும் நல்லதா? இல்லை. எந்திரத்துக்குப் போக மிஞ்சிய பெட்ரோலைப் பல கார்களில் இன்னொரு குழாய் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும். பம்பு மிகவும் பெரிதானால் அந்தத் திரும்பு குழாய் திணறும். அழுத்தம் ஏறும். கரும்புகை வரும். பெட்ரோல் கரையும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் இப்படி அளவு மீறிப் பாய்ந்த பெட்ரோல் பல விமானிகளைத் தொல்லைப்படுத்தியது. பிரிட்டிஷ்காரர்களின் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் ஆகிய சண்டை விமானங்கள், மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாய்ந்தால் எந்திரம் திக்கும், நின்றும் போகும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இடம் மாறி, பம்பு அளவுக்கு மேல் தள்ளி, எந்திரம் மூழ்கிவிடும். ஜெர்மானிய விமானங்களில் பெட்ரோலைப் பீச்சும் முறை இருந்தது. அவை எப்படிப் பாய்ந்தாலும் திக்கவில்லை. தப்பி ஓடும் எதிரியைத் துரத்தும்போது எந்திரம் திக்கினால் விமானியின் கதி என்ன?

இதற்கு வழி கண்டவர் ஒரு பெண். பெயர் பீட்ரிஸ் ஷில்லிங். பார்ன்பரோவில் இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் எஞ்சினீயர். சாதாரண எஞ்சினீயர் அல்ல. மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனை! புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் 1934-ல் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் பெற்றவர். "நீங்களும் 100 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் கல்யாணம்" என்று மாப்பிள்ளைக்கு நிபந்தனை போட்டார் என்றும் சொல்வார்கள்.

அவர் கண்டுபிடித்தது நடுவில் துளை போட்ட ஒரு சிறிய பித்தளை வளையம். கார்புரேட்டருக்குப் போகும் குழாயில் அதைச் செருகினார். எந்திரத்துக்கு உச்ச நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அவ்வளவு மட்டும் அந்தத் துளை வழியே போகும். ஒரு சொட்டு அதிகம் போகாது. விமானத்தைப் பிரித்துப் போடாமலே மாட்டிவிடலாம். 1941-ல் அவரும் ஒரு சிறு குழுவும் விமான தளம் விமான தளமாகச் சென்று இதைப் பொருத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் புது மாதிரிக் கார்புரேட்டர்கள் வரும் வரையில் அந்தச் சிறு வளையம்தான் அந்த விமானங்களைத் திக்காமல் பறக்க வைத்தது.

சோழவரத்தில் பறந்த கார்கள்

அதே யுத்த காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு அது வேறு காரியத்துக்குப் பயன்பட்டது. சென்னை மோட்டார் பந்தயக் கழகம் 1953-ல் தொடங்கியது. சோழவரம் ஓடுதளம் நாடறிந்த பந்தயத் தடம் ஆயிற்று. பல ஆயிரம் பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

அங்கே ஓடியவை எல்லாம் வெளிநாட்டு விசேஷக் கார்கள் அல்ல. பியட், அம்பாசிடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய ஊர்க் கார்களையே பட்டறையில் வைத்துச் சக்தி கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தால், பெட்ரோல் தேவையும் கூடும். கைவேலை தெரிந்த நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது சோழவரம்.

கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் அங்கே புகழ் பெற்ற பந்தய வீரர். காரை ஓட்டுவதோடு நிற்காமல் கட்டவும் செய்தார். மாருதி 800 காரின் 796 சி.சி. எந்திரத்தை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். அதுவே பார்முலா மாருதி. வசதி குறைந்த வாலிபர்களும் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதே கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

பந்தயத் தடத்தில் பம்புக்கு இன்னொரு சோதனை உண்டு. குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திடீர் என்று திரும்பினால், தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும் அல்லவா? அதுபோல் வளைவில் வேகமாகத் திரும்பும்போது தொட்டியில் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஓடிவிடும். பம்பு காற்றைக் குடிக்கும். ஒரு நொடி எந்திரம் பட்டினி. இதற்காகப் பந்தயக் கார்களில் பெரிய தொட்டிக்கும் எந்திரத்துக்கும் நடுவே ஒரு சிறு சொம்புபோல் இன்னொரு தொட்டி வைப்பார்கள். ஒரு பம்பு அதை எப்போதும் நிரப்பி வைக்கும். மற்றொரு பம்பு அதில் இருந்து எந்திரத்துக்குத் தள்ளும்.

எத்தனாலும் சட்டமும்

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்ந்து வருகிறது. எத்தனால் ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்றே போதும். திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு எத்தனால் அதிகம் வேண்டும். ஆகவே கலப்பில்லாத பெட்ரோலைப்போல் இந்தக் கலவையைக் கணக்கிட முடியாது. பம்பு 7, 8 சதவீதம் அதிகம் தள்ள வேண்டி இருக்கும். பத்து வருஷத்துக்கு முன் போட்ட பம்புக் கணக்கை இன்று நம்பி மிதிக்கக் கூடாது. பழைய ரப்பர் வளையங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. கெட்டுப்போன பம்புக்குப் பதில் புதுப் பம்பு போடுவது இதில் வராது. எந்திரத்தின் உருவையே மாற்றிச் சாலையில் ஓட்டுவது வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்தின்போது பணம் கேட்பதில் தகராறு வரும்.

ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. 1990-ல் திறந்தார்கள். சோழவரத்தின் பந்தயங்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பந்தய நாளில் கார்கள் தடத்துக்குள் போகும் முன்பு பரிசோதகர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பெட்ரோல் குழாயைத் தடவிப் பார்ப்பார்கள். பம்புக் கம்பியைப் பார்ப்பார்கள். வெளியே நின்றபடியே மின்சாரத்தை அறுக்கும் சுவிட்சு வேலை செய்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள். எங்காவது ஒரு சொட்டு ஒழுகினாலும், டிரைவர் எத்தனை பெரிய வீரராக இருந்தாலும், காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.